1966 யென்கோ ஸ்டிங்கர்: அசலா நகலா, அசலாகவே இருந்தாலும் எதில் செலவு?

பெட்ரோல்பித்தன்:
ஓஹாயோவில் ஒரு 1966 செவர்லே கார்வேர் விற்பனைக்கு வந்திருக்கு. வெள்ளை உடம்பு, நீலப் பட்டை, பின்சீட் இல்லை, இன்ஜின் மூடி ஃபைபர். ‘யென்கோ ஸ்டிங்கர், முதல் நூறில் ஒன்று’ என்று விளம்பரம். விலையும் அதுக்கேத்த மாதிரிதான். இன்ஜின் அறைத் தகடு எதுவும் படத்தில் தெளிவாக இல்லை, படம் கேட்டு எழுதியிருக்கேன். பதில் வருவதற்குள் இரண்டு விஷயம் தெரிஞ்சாகணும். அசல்னு எதை வைத்து நம்புவது? அசலே ஆனாலும் அந்தக் காற்றுக்குளிர் இன்ஜினில் பணம் எங்கே போகும்?

கானன்ஸ்பர்க்வாசி:
நீங்க சொன்ன நாலு அடையாளமும் சாட்சியே இல்லை. வெள்ளை யாரும் அடிக்கலாம். பட்டை ஒரு நாள் வேலை. ஃபைபர் மூடிக்கு நகல் அச்சு ரொம்ப காலமா புழக்கத்தில் இருக்கு. பின்சீட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

அந்த நாலும் ஏன் வந்ததுன்னு தெரிஞ்சா, எதைப் பார்க்கணும்ங்கிறது தானா விளங்கும். டான் யென்கோ பென்சில்வேனியாவில் கானன்ஸ்பர்க் ஊர் செவர்லே டீலர், தானே பந்தயமும் ஓட்டியவர். எஸ்.சி.சி.ஏ. என்ற அமெரிக்கப் பந்தயச் சங்கத்தின் ‘புரொடக்‌ஷன்’ வகுப்பில் கார்வேரை இறக்க ஆசைப்பட்டார். ஆனா பின்சீட் உள்ள காரை ஸ்போர்ட்ஸ் கார்னு அவங்க ஒத்துக்க மாட்டாங்க, அதோட நூறு கார் செய்து காட்டணும். அதனால்தான் பின்சீட் போச்சு. அதனால்தான் கார்வேரில் கார்சா என்ற வகையை மொத்தமாக, ‘கோப்போ’ என்ற தலைமை அலுவலக ஆர்டரில் வாங்கி, 1966 பந்தயப் பருவத்துக்குள் நூறு வண்டியை ஸ்டிங்கராக மாற்றி முடித்தார்கள். வகுப்பு டி-புரொடக்‌ஷன். அடுத்த ஆண்டு, 1967ல், ஜெரி தாம்சன் ஒரு ஸ்டிங்கரில் அந்த வகுப்பின் தேசியப் பட்டத்தையே எடுத்தார்.

நூறும் ஒரே மாதிரி ஆர்டர். அதுதான் நமக்குப் பிடி. காரின் வரிசை எண்ணும் உடல் தகடும் இன்ஜின் அறையின் இடது பக்கத்தில் இருக்கும். துணியால் துடைச்சுட்டுப் படியுங்க.

வரிசை எண் 107376 என்று தொடங்கணும். 1 செவர்லே, 0737 கார்சா கூப்பே, கடைசி 6 என்பது 1966. 10537 என்று இருந்தால் அது மோன்ஸா என்ற வேறு கார்வேர் வகையின் கூப்பே. 10767 என்றால் கார்சா கன்வெர்ட்டிபிள். 1966 நூறில் இரண்டுக்கும் இடமில்லை.

உடல் தகட்டில் பெயிண்ட் குறி சி.சி., அதாவது எர்மைன் வெள்ளை. வேறு குறி இருந்து கார் வெள்ளையா இருந்தால், பிறகு அடிச்ச வெள்ளைன்னு அர்த்தம். அதே தகட்டில் ஒரு எண்ணும் ஒரு எழுத்தும் சேர்ந்த தேதிக்குறி இருக்கும். எண் மாதம், எழுத்து வாரம். 1966 வசந்தத்தைக் காட்டும் தகடு ‘முதல் நூறு’ என்ற பேச்சோடு ஒட்டவே ஒட்டாது.

அப்புறம் யென்கோவின் சொந்தத் தகடு, ‘ஒய்எஸ்’ என்று தொடங்கி வரிசை எண் போட்டது. சின்னத் தகடு, ரிவெட் அடிச்சது. இதைத்தான் நகல் செய்பவன் முதலில் செய்வான். தகட்டை விட்டுட்டு ரிவெட்டைச் சுற்றிப் பாருங்க. அறுபது வருஷப் பெயிண்டும் அழுக்கும் ரிவெட் தலையைச் சுற்றி ஒரே சீராகப் படிஞ்சிருக்கணும். பக்கத்தில் மூடின ஓட்டையோ, அங்கே மட்டும் புதுப் பெயிண்டோ தெரிஞ்சால் கைப்பையை மூடிடுங்க.

துருவேட்டை:
கானன்ஸ்பர்க் சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டர். 1966 சாதா கார்வேரில் ஒரே அறை. ஸ்டிங்கரில் காடிலாக்கிலிருந்து எடுத்த இரட்டை அறை. கார்வேருக்கே இரட்டை அறை வந்தது 1967ல்தான். ஆனா பாதுகாப்புக்காக 1967 சிலிண்டரை எடுத்து 1965, 66 கார்களில் மாட்டினவங்க ஏராளம். அதனால் இரட்டை அறை இருக்குன்னு குதிக்காதீங்க. ஒற்றை அறை இருந்தால் மட்டும் ஏன்னு கேளுங்க.

ஸ்டீயரிங் ஆர்ம் குட்டையா இருக்கணும், கியர் நாலு, டிஃபரன்ஷியல் இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றும் பாசிட்ராக்‌ஷன். இதெல்லாம் ஜாக்கியில் தூக்கினா பத்து நிமிஷத்தில் தெரியும்: ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றதும் அதே திசையில் சுற்றணும். எதிர்த்திசையில் போனால் சாதா டிஃபரன்ஷியல், இல்லைன்னா உள்ளே கிளட்ச் தகடு தேய்ஞ்சு போச்சு.

பெட்ரோல்பித்தன்:
விளம்பரத்தில் ‘ஸ்டேஜ் 2’ன்னும் போட்டிருக்கு. அதை எப்படிப் பார்ப்பது?

நாலுகார்ப்:
பார்க்க முடியாது, இன்ஜினைப் பிரிச்சால்தான். ஸ்டேஜ் கணக்கு இப்படி: அடிப்படை கார்சா 164 கன அங்குலம், நாலு ஒற்றைக்குழல் ராசெஸ்டர் கார்புரேட்டரோட 140 குதிரை. ஸ்டேஜ் 1ல் 160, ஸ்டேஜ் 2ல் 190, ஸ்டேஜ் 3ல் 220. அதுக்கு மேல 240 முழுக்கப் பந்தயத்துக்கு. இதெல்லாம் அன்றைக்கு விளம்பரத்தில் சொன்ன எண்கள். இன்றைக்கு ஒரு ஸ்டிங்கர் இன்ஜின் குறைஞ்சது இரண்டு தடவையாவது பிரிச்சு மாட்டப்பட்டிருக்கும், பந்தயத்தில் ஓடியிருந்தால் இன்ஜினே மாறியிருக்கும். ஆகவே ‘ஸ்டேஜ் 2’ன்னு சொல்றவரிடம் கேம் ஷாஃப்ட் ரசீது, பிஸ்டன் அளவு, கம்ப்ரஷன் கேளுங்க. சாதா 140க்கு 9.25க்கு 1. ரசீது இல்லைன்னா அது ஸ்டேஜ் 1ன்னு நினைச்சே பேரம் பேசுங்க.

இன்ஜின் பிளாக்கின் மேல் அடிச்ச எண்ணில் முதல் எழுத்து டி (T), டோனவாண்டா ஆலை. அடுத்த நாலு இலக்கம் மாதமும் தேதியும். அந்தத் தேதி கார் உடல் தகட்டின் தேதிக்கு முன்னால் வரணும். பின்னால் வந்தால் இன்ஜின் மாறியிருக்கு, அவ்வளவுதான். அதனால் கார் நகல் ஆகிடாது.

வால்வுவாத்தியார்:
இப்போ உங்க இரண்டாம் கேள்விக்கு வரேன். 140 இன்ஜினின் பெருமையும் சாபமும் ஒரே இடத்தில் இருக்கு: ஹெட், அதாவது சிலிண்டர் மேல் மூடி.

சாதா கார்வேர் ஹெட்டில் இன்டேக் வால்வு 1.34 அங்குலம், எக்ஸாஸ்ட் 1.24. 140ல் 1.72, 1.36. அதே அலுமினிய ஹெட்டில் இவ்வளவு பெரிய ஓட்டையைப் போட்டதால் வால்வு உட்காரும் இரண்டு இரும்பு வளையத்துக்கும், அதாவது சீட்டுக்கும், நடுவில் உள்ள சதை மெலிஞ்சு போச்சு. அலுமினியம் சூட்டில் இரும்பு சீட்டைவிட அதிகம் விரியும். ஒரு எல்லை தாண்டின சூட்டில் ஹெட்டின் பிடி தளர்ந்து சீட் கழன்று விழும். முதலில் ஒரு டிக் டிக் சத்தம், பிறகு ஒரு சிலிண்டர் செத்துடும். அப்பவும் ஓட்டினால் வால்வு அந்த வளையத்தைச் சாய்ச்சு அடிக்கும், துண்டு உள்ளே போகும், பிஸ்டன் மண்டையும் ஹெட்டும் சேர்ந்து காலி.

சீட் விழுந்ததைப் பலர் ‘பழைய வண்டி, அப்படித்தான்’ என்று விட்டுடறாங்க. தானா எதுவும் விழாது, சூடுதான் தள்ளுது. சூடு எங்கிருந்து வருதுன்னு தேடினால் பாதி நேரம் குற்றவாளி கிராங்க் முனையில் இருக்கும் ஹார்மோனிக் பேலன்ஸர். அது உள்ளே ஒரு ஹப், வெளியே ஒரு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் வயசாகி வளையம் வழுக்கும். தீப்பொறி நேரத்தைப் பார்க்கும் டைமிங் கோடு இருப்பது வெளி வளையத்தில். வளையம் நகர்ந்தால் கோடும் நகரும். நீங்க டைமிங் விளக்கைப் பிடிச்சு மேனுவல் சொன்ன 18 டிகிரி வைப்பீங்க, உண்மையில் அது 26ஆகவோ 28ஆகவோ இருக்கும். நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிச்சுத் தட்டும். பின்னால் இன்ஜின், காற்றாடிச் சத்தம் வேற, கேபினில் நாக்கிங் காதில் விழாது. ஹெட் வெந்துடும், சீட் விழும்.

அதனால் வண்டியைப் பார்த்ததும் முதல் வேலை: பிளக்கைக் கழற்றி ஒண்ணாம் சிலிண்டரை மேல் மையத்துக்குக் கொண்டுவந்து, பூஜ்யக் கோடு பூஜ்யத்தில் நிற்குதான்னு பாருங்க. இந்த இன்ஜின் வழக்கமான திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும், அதைக் கையால் சுற்றும்போது மறந்துடாதீங்க. சரியா நின்றால், ஹப்பிலிருந்து வளையம் வரைக்கும் குறுக்கே ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுத்து வைங்க. ஆறு மாசம் கழிச்சு அந்தக் கோடு உடைஞ்சிருந்தால் பேலன்ஸரை மாற்றணும். ஓசிச் சோதனை, இதைவிட உருப்படியானது கிடையாது.

நாலுகார்ப்:
வாத்தியார் சொன்னதில் ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்ப்பு. பேலன்ஸர் சரியா இருந்தும் ஹெட் சூடாகுதுன்னா குளிர்த் தகடுகளுக்கு நடுவில் பாருங்க. ஹெட்டிலும் சிலிண்டரிலும் உள்ள குளிர்த் தகடுகளுக்கு இடையே வார்ப்பில் வழிஞ்ச மெல்லிய அலுமினியப் படலம் அப்படியே விட்டிருப்பாங்க. ஆலையிலேயே அப்படித்தான் வந்தது. எக்ஸாஸ்ட் பக்கம் சில இடத்தில் காற்று போகவே வழியில்லாமல் அடைச்சிருக்கும். ஹெட் கையில் வந்ததும் ஒடிச்ச ஹேக்ஸா பிளேடும் மெல்லிய அரமும் வைத்து ஒவ்வொரு சந்தாக எடுக்கணும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சால் மறுபக்கம் தெரியணும். ஒரு ஹெட்டுக்கு ஒரு மாலை போகும். காசு செலவே இல்லாத குதிரைசக்தின்னா இதுதான்.

பெட்ரோல்பித்தன்:
சீட் விழாமல் இருக்க முன்னாடியே என்ன செய்யலாம் வாத்தியாரே?

வால்வுவாத்தியார்:
ஆழ சீட். ஆலை போட்ட சீட்டைக் கடைந்து எடுத்துட்டு, குழியை இன்னும் ஆழமாக்கி, உயரம் அதிகமான சீட் வளையத்தை இறுக்கமாக இறக்குவாங்க. இறுக்கம் ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஆறு முதல் எட்டு பங்கு வரை. ஹெட்டை அடுப்பில் 180, 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, சீட்டை உலர்பனியில் குளிரவைத்து, சுத்தியல் இல்லாமலே உள்ளே விழவிடணும். சுத்தியலால் அடித்து இறக்கினால் குழியின் சுவர் சிராய்ச்சுப் போகும், பிடி போச்சு. சீட்டைச் சுற்றிப் பஞ்ச் அடிச்சு நெளிச்சு வைக்கிற பட்டறை இருக்கு, அது வைத்தியம் இல்லை, கட்டுப்போட்டு அனுப்புவது.

கார்வேர் ஹெட் செய்து பழகின பட்டறைக்கு மட்டும் கொடுங்க. இந்த ஹெட்டில் இன்டேக் குழாய் தனியாகக் கிடையாது, ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது. பக்கத்துக்கு இரண்டு கார்புரேட்டர் மேடை. கடைசல்காரர் அதைத் தெரியாமல் தப்பாகப் பிடிமானம் கொடுத்தால் மேடை வளைஞ்சு காற்று கசியும்.

ஆயில்சொட்டு:
என் தொழில் பெயரிலேயே இருக்கு, அதனால் கசிவைப் பற்றி நான் எழுதறேன்.

கார்வேர் எண்ணெய் கசியும்னு ஊரே சொல்லும். பெரும்பாலும் காரணம் 24 ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். வால்வைத் தள்ளும் கம்பி, அதாவது புஷ்ராட், பன்னிரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், குழாய்க்கு இரு முனை. ஆலை போட்ட ரப்பர் ஹெட் சூட்டில் கருகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும். சூடு தாங்கும் ‘விட்டான்’ ரப்பர் போட்டால் பிரச்சினை தீரும். ஹெட்டைக் கழற்றாமலே போடலாம், ஆனா இங்கேதான் பலர் மாட்டிக்கிறாங்க.

ராக்கர் ஆர்ம் நிற்கும் ஸ்டட் இருக்கே, அது வெறும் ராக்கர் ஸ்டட் இல்லை. ஹெட்டைப் பிடிக்கும் நட்டும் அதுவேதான். எல்லாத்தையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஹெட்டின் ஒரு வரிசைப் பிடி மொத்தமும் விட்டுடும், சிலிண்டர் அடியில் கேஸ்கெட் நகரும். அதனால் இன்ஜின் ஆறின பிறகு, ஒரு சிலிண்டராகப் போகணும். வால்வு மூடியை எடுத்து, ராக்கர், புஷ்ராட் வெளியே. எந்தப் புஷ்ராட் எங்கே, எந்த முனை மேலேன்னு அட்டையில் ஓட்டை போட்டுக் குத்தி வைங்க. ஸ்டட்டைக் கழற்றி, வழிகாட்டித் தகட்டை எடுத்து, குழாயை நெம்பி வெளியே இழுத்து, இரண்டு முனைப் பள்ளத்தையும் துடைச்சு, புது ஓ-ரிங்கில் எண்ணெய் தடவித் தள்ளணும். ஸ்டட் அடியிலும் ஒரு ஓ-ரிங் உண்டு, அதையும் மாற்றுங்க. பிறகு டார்க் ரெஞ்ச் வைத்துப் படிப்படியா 10, 20, கடைசியில் மேனுவல் எண், அது 30 அடி-பவுண்டை ஒட்டித்தான் வரும். ‘இன்னும் கொஞ்சம்’னு இழுக்காதீங்க. அடியில் இருப்பது அலுமினிய கிராங்க்கேஸ், நீள ஸ்டட் மரையோடு பிடுங்கிட்டு வரும்.

ராக்கர் நட்டைத் தளர்ச்சி போகும் வரை இறக்கி, அங்கிருந்து முக்கால் முதல் ஒரு சுற்று. அடுத்த சிலிண்டருக்குப் போங்க.

கசிவை விட்டுடக்கூடாதுன்னு நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் தரையில் சொட்டும் கறை இல்லை. கார்வேர் ஹீட்டர் சிலிண்டர் மேல் போன காற்றை நேரா கேபினுக்குள் விடும். எண்ணெய் கசிந்தால் நாற்றம். எக்ஸாஸ்ட் குழாய் ஹெட்டோடு சேரும் இடத்து பேக்கிங் போனால் கார்பன் மோனாக்சைடு, அதுக்கு வாசனையே கிடையாது. கசிவு தீரும்வரை ஹீட்டரைத் தொடாதீங்க.

துருவேட்டை:
பெல்ட்டை யாருமே சொல்லலையே?

நாலுகார்ப்:
சொல்லிடுவோம். கிராங்க் புல்லி செங்குத்தா சுற்றும், காற்றாடி கிடையா சுற்றும். ஒரே பெல்ட் இரண்டு இடத்தில் திரும்பி இரண்டையும் இணைக்குது. அதனால்தான் கழன்று பறக்கும். பறந்தால் டாஷ்போர்டில் ஜென்-ஃபேன் விளக்கு எரியும். ஓரமா நிறுத்தி சாவியை அணைச்சுடணும், ‘அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும்’னு நினைச்சால் வாத்தியாருக்கு வேலை கொடுக்கறீங்க.

எல்லோரும் செய்யும் தப்பு, பறக்குதேன்னு இறுக்குவது. இறுக்கினால் காற்றாடி பேரிங் போகும், பெல்ட்டும் சீக்கிரம் அறும். விளக்கு எரியாத அளவு இறுக்கம் போதும். துணி சுற்றின பெல்ட் போடுங்க. பக்கவாட்டில் வெட்டு தெரியும், பல் வைச்ச நவீன பெல்ட் புல்லியை ரொம்பக் கவ்வும், இன்ஜின் சட்டுனு வேகம் மாறும்போது திருப்பத்தில் ஏறிக் கழலும். புது பெல்ட் பதினஞ்சு இருபது மைலில் நீளும், அப்போ ஒரு தடவை சரிபாருங்க. டிக்கியில் ஒரு பெல்ட்டும் 9/16 ஸ்பேனரும் நிரந்தரமாக இருக்கட்டும். டிக்கின்னா முன்னால், தெரியும்தானே.

பந்தயப்பிரியன்:
நாலு ராசெஸ்டரையும் தூக்கிட்டு வெபர் கார்புரேட்டர் மாட்டினால் தலைவலி தீருமே?

நாலுகார்ப்:
அசல் ஸ்டிங்கரில் அது பாவம். இன்டேக் ஹெட்டோட வார்த்ததுன்னு மேலேயே வந்தாச்சு. சரியான வெபர் அமைப்புக்கு அந்த வார்ப்பை அறுக்கணும், அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. நகல்னா உங்க இஷ்டம்.

ராசெஸ்டர் பற்றி வரும் புகாரில் பாதி, துணைக் கார்புரேட்டர் இரண்டைப் பற்றியது. 140ல் இரண்டு முதன்மை, இரண்டு துணை. துணைகளுக்கு சோக் கிடையாது, ஐடில் வழியும் கிடையாது, மிதிச்சால் மட்டும் திறக்கும். நிதானமா ஓட்டும் வண்டியில் மாசக்கணக்கா அவை திறக்காது. கிண்ணத்துப் பெட்ரோல் வற்றிப் பிசினாகி ஊசியை ஒட்டவைக்கும். ஒருநாள் மிதிக்கும்போது ஊசி மூடாமல் பெட்ரோல் வழியும், கீழே கொதிக்கும் இன்ஜின். நிறுத்தி வைச்ச வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் துணைகளைத் திறந்து கழுவுங்க, ரப்பர் பெட்ரோல் குழாய் எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்க, தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் வைங்க. அப்புறம்தான் ட்யூனிங்.

துருவேட்டை:
கிளட்ச்சை விடும்போது கடகடன்னு ஆடினால் உடனே கிளட்ச் தகட்டை மாற்றாதீங்க. ஃப்ளைவீல் ரிவெட் அடிச்சு சேர்த்த துண்டுகள். ரிவெட் தளர்ந்தாலும் அதே ஆட்டம்தான். கழற்றினதும் ரிவெட்டைச் சுற்றித் துருப்பொடி மாதிரி சிவப்பா தெரிஞ்சால் போல்ட் போட்டு இறுக்கணும், இல்லைன்னா ஒரே துண்டு எஃகு ஃப்ளைவீல்.

டயர் காற்று முன்பின் ஒரே அளவு வைக்கிறதும் தப்பு. எடை பின்னால். பின்னுக்கு எட்டு பத்து பவுண்டு கூட இருக்கணும். கார்வேர் ஆபத்தானதுன்னு ரால்ஃப் நேடர் எழுதின காலத்துச் சண்டை எல்லாம் 1960 முதல் 63 வரை வந்த ஸ்விங் ஆக்சில் என்ற பின் சஸ்பென்ஷன் பற்றியது. 1965ல் பின் சஸ்பென்ஷனையே மாற்றிட்டாங்க, ஸ்டிங்கருக்கு அந்தப் பழி கிடையாது. ஆனா காற்று தப்பா இருந்தால் எந்தப் பின்இன்ஜின் காரும் வாலை ஆட்டும்.

பெட்ரோல்பித்தன்:
தகடு படம் வந்துடுச்சு. வரிசை எண் 105376ன்னு ஆரம்பிக்குது. உடல் தகட்டில் 66-10537, பெயிண்ட் சி.சி. ஒய்எஸ் தகடு இருக்கு, ரிவெட் பளபளன்னு இருக்கு.

கானன்ஸ்பர்க்வாசி:
10537 மோன்ஸா கூப்பே. வெள்ளையாகவே பிறந்திருக்கு, அதுதான் யாருக்கோ யோசனை கொடுத்திருக்கு. கார்சா 1966ஓட நின்னுபோனதால் 1967ல் யென்கோ செய்த சொற்பக் கார்கள் மோன்ஸாவில் வந்தன. விற்பவர் அதைச் சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார். வரிசை எண்ணில் ஆண்டு 6. சமாளிக்க இடமில்லை.

நாலுகார்ப்:
ஆனாலும் போய்ப் பாருங்க. ஹெட்டில் பக்கத்துக்கு இரண்டு கார்புரேட்டர் மேடை இருந்தால் உள்ளே இருப்பது 140 ஹெட். ஒரு மேடைன்னா 110ஓ 95ஓ, அப்போ நாலு கார்புரேட்டர் படமே பொய். 140ஆக இருந்து ஆழ சீட் ரசீதும் இருந்தால், நல்ல மோன்ஸா விலையோடு ஹெட் வேலைக்கான தொகையைச் சேர்த்துக் கொடுக்கலாம். பட்டைக்கும் தகட்டுக்கும் ஒரு பைசா கிடையாது.

வால்வுவாத்தியார்:
பெயிண்ட் குப்பியும் பிரஷும் எடுத்துட்டுப் போங்க, பேலன்ஸர் கோடு இழுக்க.